பிடிக்கிறது, உடனே ஆஃப் ஆகிறது: பழைய காரின் முதல் ஒரு நிமிடம்

சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே பிடிக்கிறது, இரண்டு மூச்சு விடுவதற்குள் ஆஃப் ஆகிவிடுகிறது. மறுபடி திருப்பினால் மறுபடி அதே கதை. பழைய மாருதி 800, ஆம்னி, ஜென், அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பார்கள். ஓட்டுகிறவருக்கு எரிச்சல்தான். ஆனால் கோளாறைத் தேடுகிறவருக்கு, சுத்தமாக ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைவிட இது எவ்வளவோ மேல்.

ஏனென்றால், ஒரு நொடியாவது எஞ்சின் தானாக ஓடிவிட்டது என்றால் நிறைய விஷயங்கள் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். பேட்டரிக்கு எஞ்சினைச் சுற்றும் அளவு தெம்பு இருக்கிறது. செல்ஃப் மோட்டார் வேலை செய்கிறது. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. பிளக்கில் நெருப்பு வந்தது. பெட்ரோல் கொஞ்சமாவது உள்ளே போனது. இத்தனையும் சரி என்று வண்டியே சொல்லிவிட்ட பிறகு புது பேட்டரி, புது செல்ஃப் என்று செலவழிப்பது வீண். நடைமுறையில் நடப்பது என்னவோ அதுதான். முதலில் பிளக், அப்புறம் பேட்டரி, அப்புறம் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரையே மாற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கடைசியில் பத்து ரூபாய் ரப்பர் குழாயில் கோளாறு இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் நொடியில் இருந்த எது அடுத்த நொடியில் இல்லாமல் போனது?

இதைப் புரிந்துகொள்ள மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை நினைத்துப் பாருங்கள். பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைப்போம். அது எரியும்போது ஸ்டவ் எரிகிற மாதிரிதான் தெரியும். ஆனால் அது ஸ்பிரிட்டின் நெருப்பு. ஸ்பிரிட் தீர்ந்ததும் மண்ணெண்ணெய் ஆவியாகி மேலே வந்தால்தான் ஸ்டவ் தொடர்ந்து எரியும். காரும் அப்படித்தான். ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குக் கிடைக்கும் உதவி வேறு, தொடர்ந்து ஓடும்போது கிடைக்க வேண்டியது வேறு.

ஸ்டார்ட் செய்யும்போது மூன்று கைத்தாங்கல்கள் உண்டு. ஒன்று, சாவி கடைசி நிலையில் இருக்கும்வரை செல்ஃப் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் சுற்றிக்கொண்டிருக்கிறது, மின்சாரமும் அந்த நிலைக்கு உரிய பாதையில் போகிறது. இரண்டு, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுப்பதாலோ, ஆக்சிலேட்டரை ஓரிரு முறை மிதிப்பதாலோ, குழாயில் ஏற்கெனவே இருக்கும் பெட்ரோலாலோ வழக்கத்தைவிடக் கூடுதல் எரிபொருள் கிடைக்கிறது. மூன்று, ஆக்சிலேட்டரில் கால் இருந்தால் கூடுதல் காற்றும் கிடைக்கிறது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்த பிறகு எஞ்சின் 800, 900 சுற்றில் தானாக ஓட வேண்டும். எந்தக் கைத்தாங்கலை எடுத்தபோது எஞ்சின் விழுந்தது என்று கவனித்தாலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். அதனால் பானட்டைத் திறக்கும் முன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே சில சோதனைகள்.

அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலை என்றால் பீடி, சிகரெட் பிடிப்பவர் எவ்வளவு நெருங்கிய மாமாவாக இருந்தாலும் தூரப் போகச் சொல்லிவிடுங்கள்.

சாவியை விட்ட அதே கணத்தில்

சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை எஞ்சின் ஓடுகிறது, விரலை எடுத்ததும் போய்விடுகிறது. சோக் இருந்தாலும் சரி, காலால் ரேஸ் கொடுத்தாலும் சரி, மாற்றம் இல்லை. இப்படி என்றால் பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டாம். மின்சாரப் பாதையைப் பாருங்கள்.

இக்னிஷன் சுவிட்சுக்குள் ஸ்டார்ட் நிலைக்கு ஒரு தொடுமுனை, ஓடும் நிலைக்கு வேறொரு தொடுமுனை. இருபது வருடம் திரும்பிய சுவிட்சில் இரண்டாவது தேய்ந்திருக்கலாம். நம் ஆட்கள் கார் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தாகத் தொங்கவிடுவார்கள். அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது சுவிட்சுதான். வண்டி எப்படியாவது ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள். அதற்கே தடுமாறினால் சுவிட்சை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பாயிண்ட், கண்டன்சர் வைத்த பழைய வண்டிகள் சிலவற்றில் இன்னொன்றும் உண்டு. பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பெரும்பாலும் பீங்கான் உறையில். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் முழு வோல்டேஜும் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போகும். சாவி திரும்பி வந்ததும் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்டேஜ் போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகும், விட்டதும் ஆஃப் ஆகும். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயரைச் சுற்றி வைத்திருப்பார்களே மெக்கானிக்குகள், அது போதும். சாவி ஓடும் நிலையில் இருக்கும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் தொட்டுப் பாருங்கள். ரெசிஸ்டர் இருக்கும் வண்டியில் பல்பு கொஞ்சம் மங்கலாக எரியலாம், அது இயல்பு. எரியவே இல்லை என்றால் வழி அங்கேதான் அறுந்திருக்கிறது.

இந்த வகைக்கு ஓர் அடையாளம் உண்டு. எஞ்சின் இருமாது, திணறாது, சட்டென்று ஒரே நொடியில் அடங்கும். பெட்ரோல் குறைந்து நிற்கும் எஞ்சின் அப்படி நிற்பதில்லை. அது இழுத்து இழுத்து, சில நேரம் கார்பரேட்டர் வழியாகப் 'பட்' என்று ஒரு சத்தம் விட்டுத்தான் போகும். நிற்கும் விதத்தை இரண்டு தடவை காது கொடுத்துக் கேளுங்கள். போனில் பதிவு செய்து வைத்தால் மெக்கானிக்கிடம் காட்டவும் உதவும், ஏனென்றால் ஒர்க்ஷாப்புக்குப் போனதும் வண்டி சமர்த்தாகிவிடுவது வழக்கம்.

ஒன்றிரண்டு நொடி ஓடிவிட்டு

கார்பரேட்டர் இல்லாத, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வைத்த வண்டிகளில் இது அதிகம். நம் ஊரில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோதுதான் சின்ன கார்களுக்கும் எம்.பி.எஃப்.ஐ. என்ற இந்த இன்ஜெக்டர் ஏற்பாடு வந்தது. ஆக, இன்று இருபது வயது தாண்டிய கார்களில் இரண்டு வகையும் இருக்கின்றன. மாருதி 800-ஐயே எடுத்துக்கொண்டால், 1983 டிசம்பரில் வந்தது கார்பரேட்டரோடு. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது இருந்தது எம்.பி.எஃப்.ஐ. பெயர் ஒன்று, தேடும் முறை வேறு. பானட்டைத் திறந்து உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சாவியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்யாமல், காதைக் கொடுங்கள். பின்சீட்டுப் பக்கம் இருந்து இரண்டு மூன்று நொடி 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். டாங்குக்குள் இருக்கும் எலெக்ட்ரிக் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. சத்தமே வரவில்லை, ஆனாலும் வண்டி ஒரு நொடி பிடித்து நின்றது என்றால், குழாயில் மிச்சமிருந்த அழுத்தத்தில் ஓடியிருக்கிறது. ஃபியூஸ், பம்ப் ரிலே, பின்சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர், கடைசியாகப் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். விலை குறைந்ததில் தொடங்கி மேலே போவது நல்ல பழக்கம்.

சத்தம் வருகிறது என்பதால் பம்ப் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. சாவியை மூன்று நான்கு முறை போட்டுப் போட்டு நிறுத்தி, ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடி முடியும்வரை காத்திருந்து, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கத்தைவிடச் சற்று கூடுதல் நேரம் ஓடிவிட்டு நின்றால் அழுத்தம் போதவில்லை என்று புரியும். பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்ட்டர் அடைத்திருக்கலாம். இந்த வண்டிகளில் பல ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் ஓடுபவை. மெக்கானிக்கிடம் கேஜ் இருந்தால் அதை மாட்டி அளந்து பார்த்துவிட்டுப் பம்பை மாற்றச் சொல்லுங்கள். அளக்காமல் மாற்றுவது சூதாட்டம்.

அடுத்தது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சின்ன சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்றால், சில வண்டிகளில் எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது. சிலவற்றில் இரண்டு நொடி ஓடவிட்டு நிறுத்திவிடும். நேரம் ஒவ்வொரு முறையும் மாறாமல் ஒரே அளவில் இருக்கும், டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் உள்ள விளக்கு மினுக்கும். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது எங்கே என்று தேடுவதில் அரை நாள் போகும், அது வேறு விஷயம்.

செக் எஞ்சின் விளக்கையும் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போடும்போதே எரியவில்லை என்றால், பல்பு போயிருக்கலாம், அல்லது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கே மின்சாரம் போகாமல் இருக்கலாம்.

ரேஸ் கொடுத்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் ஆஃப்

பழைய வண்டிகளில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து விழும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரமும் ஓடும், காலை எடுத்த கணமே போகும். பம்ப், டாங்க், காயில் எல்லாம் பெரும்பாலும் குற்றமற்றவை. ஐடிலுக்கான ஏற்பாட்டில்தான் கோளாறு.

ஐடில் என்றால் என்ன? ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது காற்று போகும் பெரிய வழியான திராட்டில் கிட்டத்தட்ட முழுவதும் மூடியிருக்கும். அப்போது எஞ்சின் உயிரோடு இருக்கக் கொஞ்சம் காற்றும் அதற்கு ஏற்ற கொஞ்சம் பெட்ரோலும் தனியான ஒரு சின்ன வழியில் போகின்றன. கலப்பு எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. வழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு எளிதாக அடைக்கும், கணக்கு எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு எளிதாகக் குலையும்.

கார்பரேட்டரில் அந்தச் சின்ன வழி ஐடில் ஜெட். தலைமுடி நுழையும் அளவு துளை உள்ள பித்தளைத் துண்டு. நாட்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசினாகி அந்தத் துளையில் ஒட்டிக்கொள்ளும். கழற்றி, கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்து ஊதினாலே சரியாகிவிடும். ஊசி, கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் பெரிதானாலும் அந்த ஜெட் அதோடு சரி. பக்கத்தில் இருக்கும், கலப்பைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குருவையும் 'சும்மா திருகிப் பார்ப்போம்' என்று தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் அது இப்போது எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு தொடுங்கள். முந்தாநாள்வரை நன்றாக ஓடிய வண்டியில் ஸ்குரு தானாகத் திரும்பியிருக்காது.

பல கார்பரேட்டர்களில் ஐடில் வழியைத் திறந்து மூட ஒரு சின்ன எலெக்ட்ரிக் வால்வு இருக்கும். சொலினாய்டு என்பார்கள். சாவி போடும்போது கார்பரேட்டர் பக்கத்தில் 'டிக்' என்று கேட்டால் அது திறக்கிறது. கேட்கவில்லை என்றால் அதற்கு வரும் வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுரண்டிவிடுங்கள். வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய பகுதிகளில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இந்தப் பூப்பு பழகிய விஷயம்தான். உப்புக் காற்று முதலில் பாடியைத் தின்கிறது என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே அது வயர் முனைகளைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஐடில் காற்றைக் கவனிப்பது திராட்டில் பாடியில் உள்ள ஐடில் வால்வு. காலப்போக்கில் கரி படிந்து சிக்கிக்கொள்ளும். திராட்டில் பாடி கிளீனர் அடித்து, பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் சில நிமிடம் ஐடில் தடுமாறுவதும் உண்டு. கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறந்துவிட்டு மறுபடி கற்றுக்கொள்கிறது, பொறுமையாக ஓடவிடுங்கள்.

இன்னொரு பெரிய காரணம், மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்குது' என்று சொல்வது. எஞ்சின் உறிஞ்சும்போது, காற்று வர வேண்டிய வழியை விட்டு வெடித்த ரப்பர் குழாய், கார்பரேட்டருக்கு அடியில் காய்ந்துபோன கேஸ்கெட், பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் இவற்றின் வழியே கணக்கில் வராத காற்று நுழைகிறது. வேகமாக ஓடும்போது அந்தக் கொஞ்சம் காற்று பெரிதாகத் தெரியாது. ஐடிலில் அதுவே கலப்பைக் கெடுத்துவிடும். சோக் இழுத்தால் ஓடி, உள்ளே தள்ளினால் நிற்கும் வண்டியில் இதையும் ஐடில் ஜெட்டையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். இரண்டிலுமே பெட்ரோல் போதாமல் போகிறது. சோக் அதை ஈடுகட்டுகிறது.

கண்டுபிடிப்பது எப்படி? எஞ்சின் மேல் ஸ்பிரே அடித்து, சத்தம் மாறும் இடத்தைப் பிடிப்பது ஒர்க்ஷாப் வழக்கம். சூடான சைலன்ஸர் பக்கத்தில் தீப்பிடிக்கக் கூடிய எதையும் அடிப்பது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. இதைவிடப் பத்திரமான வழி உண்டு. யாராவது காலால் ரேஸ் பிடித்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் மூக்குக் குறடால், இடையில் துணி வைத்து, ஒரு கணம் நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கியதும் எஞ்சின் நிதானமாகிறதோ அதன் மறுமுனையில் ஓட்டை. பிரேக் பூஸ்டர் குழாயில் இது நடந்தால் ஐடிலைப் பற்றிய கவலையை ஓரமாக வையுங்கள். பிரேக்கே சரியாகப் பிடிக்காது, அதைச் சரிசெய்யாமல் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது.

எத்தனாலுக்கும் இதில் பங்குண்டு. 2025 வாக்கில் நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளுக்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டி சென்சாரைப் பார்த்து ஓரளவு சமாளித்துக்கொள்ளும். வெறும் பெட்ரோலுக்கு என்று என்றைக்கோ டியூன் செய்த கார்பரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. குளிர்ந்த எஞ்சின் ஐடிலில் ஓடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி இளகிவிடும். பழைய வண்டியில் பெட்ரோல் குழாய்களை எல்லாம் ஒரே தடவையில், எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது. ஒன்று வெடித்த பிறகு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் ஒரு நாள் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும்.

கொஞ்சம் ஓடி, இழுத்து இழுத்து

ரேஸ் கொடுத்தாலும் பயனில்லை, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓடிவிட்டுத் திணறி நிற்கிறது. இது பெட்ரோல் வந்து சேராத கதை. கார்பரேட்டருக்குள் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் இருந்ததோ அவ்வளவு நேரம் ஓடும். நெடுநாள் நின்ற வண்டியில் கிண்ணம் காய்ந்து, சில நொடிக்குத்தான் இருக்கும்.

எஞ்சினை நிறுத்திய நிலையில் ஏர் ஃபில்ட்டரைக் கழற்றி கார்பரேட்டர் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். கையால் திராட்டிலைத் திறந்தால் மெல்லிய பெட்ரோல் தாரை பீச்ச வேண்டும். வண்டி நின்ற உடனே பார்க்கும்போது பீச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, மேலே சொன்ன ஜெட் பக்கம் போங்கள். பீச்சவில்லை என்றால் பெரும்பாலும் கிண்ணம் காலி. இந்த இடத்தில் சிலர் பாட்டிலில் இருந்து பெட்ரோலைக் கார்பரேட்டர் வாயில் ஊற்றி ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் பின்வாங்கி 'பட்' என்று அடித்தால் அந்தப் பெட்ரோல் முகத்தில் தீயாக வரும். ஊற்ற வேண்டாம்.

அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதியில் எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் மெக்கானிக்கல் பம்ப். உள்ளே ஒரு டயஃப்ரம் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும். காயில் வயரைக் கழற்றி நெருப்பு வராமல் செய்துவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டுத் தாராளமாகப் பீச்சினால் பம்ப் நன்று. சொட்டினாலோ குமிழியாக வந்தாலோ பம்ப், ஃபில்ட்டர், டாங்க் என்று பின்னோக்கிப் போங்கள். எஞ்சின் ஆயிலை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பதும் நல்லது. பெட்ரோல் வாசம் அடித்தால் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்குகிறது, அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டக் கூடாது.

அந்த பாட்டிலை உடனே கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுப் பாருங்கள், அதில் பெரிய செய்தி இருக்கலாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2015 வெள்ளம் கடலூரை விட்டுவைக்கவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரித் தெருக்கள் குளமாயின, அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் பொங்கி வந்தது. இப்படி இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்றும் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. டாங்குக்குள் தண்ணீர் போனால் அது பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். பெட்ரோலை இழுக்கும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. பாட்டிலில் அடியில் ஒரு கோடு கட்டித் தனியாக நின்றால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் எத்தனாலும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும், அடிப்பகுதி இன்னும் பெரிதாகத் தெரியும். பழுப்புத் தூள் படிந்தால் டாங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. புது ஃபில்ட்டர் போட்டால் ஒரு வாரம் ஓடும், திரும்ப அடைக்கும். டாங்கை இறக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

கடலூர்க்காரர்கள் முள்ளோடை, கன்னியக்கோவில் பக்கம் போய் டாங்க் நிறைய பெட்ரோல் போட்டு வருவது ஊரறிந்தது. புதுச்சேரியில் விலை குறைவு. லாபம்தான், எப்போதாவது ஓட்டும் வண்டிக்கு நிறைந்த டாங்க் ஒருவகையில் நல்லதும்கூட, உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். ஆனால் அதே பெட்ரோலை ஐந்தாறு மாதம் அப்படியே வைத்திருந்தால் அது சரியாகப் பற்றும் குணத்தை இழந்துவிடும். சிக்கனம் பார்த்துப் போட்டு வந்ததை அவ்வப்போது ஓட்டித் தீர்க்கவும் வேண்டும்.

டாங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஆனால் அது பொதுவாக உடனே நிறுத்தாது, கொஞ்ச தூரம் ஓடிய பிறகே நிறுத்தும்.

சித்திரை வெயிலில் மட்டும், அதுவும் சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் இந்தத் தொல்லை என்றால், எஞ்சின் சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது. அந்தக் காலத்து டாக்சி டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அது மூடநம்பிக்கை இல்லை, ஆவி குளிர்ந்து மறுபடி பெட்ரோலாகிவிடும். குழாய் சைலன்ஸருக்கு நெருக்கமாகப் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டுவது நிரந்தர வைத்தியம்.

வேறு சில சந்தேகங்கள்

ஆல்டர்னேட்டர் போனால் வண்டி உடனே ஆஃப் ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். நல்ல பேட்டரி இருந்தால் ஆல்டர்னேட்டரே இல்லாமலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். வேறு வண்டியில் இருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து, கேபிளை எடுத்ததும் நின்றால் மட்டும் பேட்டரியையும் சார்ஜிங்கையும் பாருங்கள். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டைச் சுற்றியும் காட்ட வேண்டும். அதைவிட அடிக்கடி இங்கே காண்பது எர்த் கோளாறு. பேட்டரியில் இருந்து பாடிக்கும், பாடியில் இருந்து எஞ்சினுக்கும் போகும் பட்டை துருப்பிடித்து, மின்சாரம் வந்தும் வராமலும் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எப்போதும் பயன். கருப்பாக நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம்: சோக் மூடியே சிக்கியிருக்கலாம், கிண்ணத்தின் மிதவை ஓட்டையாகி வழியலாம், எம்.பி.எஃப்.ஐ. என்றால் சூட்டை அளக்கும் சென்சார் தவறாகச் சொல்லலாம். வெளுத்துக் காய்ந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் இரண்டு ஓட்டைகளையும் பாருங்கள்: ஏர் ஃபில்ட்டர் பெட்டி, சைலன்ஸர் வாய். முதலாவதில் எலி கூடு கட்டியிருக்கும், இரண்டாவதில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். புகை வெளியே போக வழியில்லாமல் எஞ்சின் பிடித்ததும் மூச்சு முட்டி நிற்கும். செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸர் வாய்க்கு அருகே கை வைத்தால் காற்று விட்டு விட்டு அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் கார்பரேட்டரைத் தொடும் முன் ஒரு குச்சியைத் தேடுங்கள்.

டீசல் அம்பாசிடர், இண்டிகா வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. பிளக்கில் நெருப்பு, கார்பரேட்டர் எதுவும் அங்கே இல்லை. பிடித்து உடனே நின்றால் முதல் சந்தேகம் குழாயில் காற்று. பம்பில் மிச்சமிருந்த டீசலில் ஓடி, காற்றுக் குமிழி வந்ததும் நின்றுவிடும். ஃபில்ட்டர் மாற்றிய மறுநாள் இது நடந்தால் அதன் ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை. ஃபில்ட்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப் பம்பை அடித்து, இறுக்குங்கள். ஓரிரு நாளில் திரும்பக் காற்று சேர்ந்தால் எங்கோ குழாயில் விரிசல். அடுத்தது டீசல் பம்ப் மேலுள்ள சொலினாய்டு. அதற்கு வரும் வயர் தளர்ந்தால் டீசல் அந்த நொடியே வெட்டுப்படும்.

இதற்கு மேல் கேஜ், ஸ்கேனர், டிஸ்ட்ரிபியூட்டர் வேலை என்று வந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அம்பாசிடர், பத்மினிக்கான கார்பரேட்டர் கிட், பம்ப் டயஃப்ரம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். மெக்கானிக்கிடம் 'வண்டி நிக்குதுண்ணா, பாருங்க' என்று மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, காலைல குளிர்ல மட்டும்தான். சோக் போட்டா ஓடுது, தள்ளினா போயிடுது. ரேஸ் குடுத்தா நிதானமா ஓடுது. பம்ப்ல இருந்து பெட்ரோல் நல்லா வருது, பாட்டில்ல புடிச்சுப் பாத்தேன், தண்ணி இல்ல." இதைக் கேட்ட மெக்கானிக் நேராக ஐடில் ஜெட்டுக்கும் கார்பரேட்டர் அடி கேஸ்கெட்டுக்கும்தான் போவார். புது பம்ப் போடலாமா என்ற பேச்சே எழாது.